மூக்கைச் சீவிய கப்பல் பற்றி ஒரு முறையீடு

க்ரோன்ஷ்டாட் தீவு

அக்கரை ஒரானியன்பாமில் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் நிக்கானர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற சுங்க எழுத்தர் எவ்லாம்பி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் உங்கள் மருமகளான என் மகள் கிளிகேரியாவும் நலம். இந்த நலம் நாளை மாலையோடு முடிகிறது.

இரண்டு மனைவியரை அடக்கம் செய்த மாவு வியாபாரி சவ்வாத்தி நம் பெண்ணைக் கேட்டது தாங்கள் அறிந்ததே. அவளுக்கு விருப்பமில்லை. எனக்கோ முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லை. ஆகவே, "நோன்புக்கு முன்னால தீவுக்கு வந்து சேர்ந்தீங்கன்னா கல்யாணம். இல்லேன்னா பேச்சு முறிஞ்சதுன்னு வெச்சுக்குவோம்" என்று சொல்லிவைத்தேன். நோன்பு தொடங்கிவிட்டால் எந்தப் பாதிரியாரும் கல்யாணம் செய்துவைக்கமாட்டார். நவம்பரில் பாதி உறைந்த நம் கடலோ படகுக்கும் வழிவிடாது, சறுக்குவண்டியையும் தாங்காது. அந்தக் கடலை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன். ஆனால் இங்குள்ள கப்பல்காரர் ஒருவர் தம் நீராவிக் கப்பலின் மூக்கை அடியிலிருந்து சாய்வாகச் சீவிவிட்டார். மற்ற கப்பல்கள் பனிக்கட்டியை முட்டி நின்றுவிடும். இது அதன்மேல் ஏறிப் படுத்துத் தன் கனத்தாலேயே உடைத்துக்கொண்டு போகிறது. துறைமுகமே சிரித்தது, நானும் சிரித்தேன். இன்று மதியம் அதிலிருந்து சவ்வாத்தி இறங்கினார். நாளை மறுநாள் நோன்பு, ஆகவே நாளை மாலையே கல்யாணம்.

"என்ன மாமா, முகம் வெளுத்திருக்கு?" என்றார், என்னைவிட மூத்தவரான அவர்.

"சந்தோஷம்" என்றேன்.

"பனியே ஒதுங்கி வழிவிட்டுச்சு பாத்தீங்களா? எல்லாம் என் ராசி."

கதவுக்குப் பின்னாலிருந்து கிளிகேரியா, "ஏம்ப்பா, பனிய நம்புனதுக்கு உங்க நாக்க நம்பியிருக்கலாமே" என்றாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியாத குடும்பஸ்தர்கள் உண்டு. காப்பாற்றியே ஆகவேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியது இந்தக் கப்பல். எனவே தாங்கள் துறைமுக அதிகாரியிடம் உடனே மனுக் கொடுத்து, சீவிய மூக்கைப் பழையபடி பொருத்தும்வரை அதைக் கட்டிவைக்க ஏற்பாடு செய்யவும். வேறு வழி இல்லாததால் இக்கடிதமும் அதே கப்பலில்தான் வருகிறது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழ ஆசி.

தாழ்மையுள்ள,
எவ்லாம்பி

பி.கு. கிளிகேரியா என் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு, "கடுதாசி போற கப்பல்ல நான் போகக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், தடையொன்றும் தென்படவில்லை. மாப்பிள்ளை வருவதைப் பற்றித்தான் வாக்கு, பெண் இருப்பதைப் பற்றி அல்ல. அவர் ஆவிக்குளியலில் இருக்கிறார். கப்பல் அக்கரையில் கரி ஏற்றிக்கொண்டு, நோன்பு தொடங்கிய பிறகுதான் திரும்புமாம். ஆகவே இதைத் தங்களிடம் தருபவள் அவளே. மனு வேண்டாம். கப்பல்காரரை யாரும் தொந்தரவு செய்யவேண்டாம். இறங்கியதும் அவளுக்குச் சூடாக ஏதாவது கொடுங்கள். சவ்வாத்தி குளித்து வருவதற்குள் நான் 'முடியாது' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகவேண்டும்.