பறந்தா நாலு நிமிஷம்

மைசூரில் விமானத்தைப் பற்றிச் சகலமும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் விமானத்தில் கால் வைத்ததே இல்லை.

கொள்ளேகாலுக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் பஸ் விடும் ஒரு டிராவல்ஸில் நான் டிக்கெட் கொடுத்தபோது, அவர் பக்கத்து விசாரணை கவுண்டரில் இருந்தார். இருந்தார் என்பதே தப்பு, நடந்துகொண்டே இருந்தார். காலியாகக் கிடந்த அவர் நாற்காலியில் என் டிபன் பையை வைத்துக்கொள்வேன். யார் நேரம் கேட்டாலும் ‘பறந்தா’ என்று ஆரம்பிப்பார். அதுவே பெயராகிவிட்டது.

“ஏனுங்க, கொள்ளேகால் போக எத்தன நேரமாகுமுங்க?” என்றார் கைக்குழந்தையோடு வந்த அம்மாள்.

“பறந்தா நாலு நிமிஷம்.”

“பஸ்ஸுலீங்க?”

“அது டிரைவர் டீ குடிக்கிறதப் பொறுத்தது.”

அம்மாள் எதிர்க்கடை டிராவல்ஸுக்குப் போய்விட்டார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

பறந்தாவின் ஒரே மகள், நார்வேக்கும் வடக்கே பனிக்கரடி திரியும் தீவில் ஓட்டல் வேலை பார்த்தாள். லாங்யியர்பியன் என்ற அந்த ஊரை எங்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. ஆனால் நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து அங்கே தொள்ளாயிரத்தைம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒண்ணே முக்கால் மணி நேரம் என்பது டீக்கடைக்காரருக்குக்கூட மனப்பாடம். பறந்தா அப்படி ஓதி வைத்திருந்தார்.

ஒருநாள் மதியம், லீவு முடிந்து அவள் அந்த விமானத்தில் ஏறினாள். பறந்தா போனில் விமானம் நகர்வதைக் காட்டும் வரைபடத்தைத் திறந்துகொண்டு கவுண்டருக்கும் வாசலுக்குமாக அலைந்தார். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை. திடீரென்று நின்றார்.

“கிட்டப் போய்த் திரும்பிடுச்சுப்பா.” போனை என்னிடம் நீட்டினார். “ஸ்வல்ப கணக்குப் போடேன். போய்த் திரும்ப எவ்வளவு நேரம்?”

உலகத்தின் மூலைகளுக்கெல்லாம் கணக்குச் சொன்ன மனுஷனுக்கு ஒண்ணே முக்காலை இரட்டிக்கத் தெரியவில்லை.

“மூணரை சார்.”

“மூணரையா? சரியாப் பாத்தியா?”

பாவம், நாலு தடவை கேட்டார். நானும் நாலு தடவை போட்டுக் காட்டினேன். அதற்குள் இரண்டு பஸ்கள் கிளம்பின. அன்று யார் நேரம் கேட்டும் அவர் பறக்கவில்லை. அவள் ஏறி மூன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது போன் மினுங்கியது. பனிமூட்டமாம், இறங்க முடியாமல் ட்ரோம்சோவுக்கே திரும்பிவிட்டார்களாம், சௌக்கியமாம்.

அப்பொழுதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததை முதல் முறையாகப் பார்த்தேன். என் எலுமிச்சைச் சாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பசியோடு என் ஊரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், போன் அடிக்கிறது.

“இறங்கியாச்சாப்பா? பறந்தா ஒரு நிமிஷம். முக்கால் மணி ஆய்த்தே.”

நான் வேலை மாறி வருஷங்களாகிவிட்டன. இன்றும் வீடு சேர்ந்ததும், செருப்பைக் கழற்றுமுன் அவரிடம்தான் போனில் சொல்கிறேன்.