மனைவி டாக்டராவதைத் தடுத்த கதை

என் மனைவி ஆராய்ச்சிக்குப் போவதை எப்பாடு பட்டாவது தடுப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு சபதம் எடுத்தேன். வெறும் வயிறு ஏனென்றால், அவள் காலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பூஞ்சையைப் பற்றி முனைவர் பட்டம் வாங்க வேண்டுமாம். மாதாமாதம் உதவித்தொகை தரும் இடமாகத் தேடுகிறாள். கிடைத்தால் நாலு வருஷம் வெளியூர். நானோ வெந்நீர் வைத்தாலே அடி பிடிக்கும். நல்லவேளை, இதுவரை ஒரு பேராசிரியரும் அவளுக்குப் பதில் போடவில்லை.

“என்னங்க, இந்த மெயிலைக் கொஞ்சம் திருத்திக் குடுங்களேன்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன். வருகிற விண்ணப்பத்தில் ஓட்டை கண்டுபிடித்து, அனுப்பியவர் ஏன்டா அனுப்பினோம் என்று நொந்துபோகும்படி பதில் எழுதுவதுதான் என் உத்தியோகம்.

மெயிலைப் பார்த்தேன். மாமேதையே, வழிகாட்டியே என்று ஒரு பேராசிரியருக்குப் பக்கம் முழுக்க ஐஸ்.

“இந்த ஆளோட கட்டுரையைப் படிச்சியா?”

“படிச்சேன். சோதனையில ஈரப்பதத்தை மாத்தினவர் சூட்டையும் சேர்த்து மாத்திட்டார். பூஞ்சை எதனால வளர்ந்துச்சுன்னு எப்படிச் சொல்றதாம்? பெரியவங்க கிட்ட அதெல்லாம் கேக்கலாமா?”

“சேச்சே, கேக்கவே கூடாது! நீ போய்ச் சமையலைப் பாரு. நானே அனுப்பிடறேன்.”

அவள் போனதும் ஐஸை மொத்தமாக உருக்கினேன். ‘ஐயா, ஈரப்பதத்தையும் சூட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பூஞ்சை வளர்ந்தது எதனால்? உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் வந்து கண்டுபிடிக்கிறேன். உதவித்தொகை உண்டா? எத்தனை வருஷத்துக்கு?’

படித்துப் பார்த்தபோது எனக்கே என்னை அறையலாம் போலிருந்தது. அனுப்பிவிட்டுத் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. ‘எல்லோரும் என்னைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். என் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். நாலு வருஷத்துக்கும் உதவித்தொகை உண்டு. வெள்ளிக்கிழமை வீடியோவில் நேர்காணல்.’

“என்னங்க, முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?”

“அது வந்து... மெயிலை நான் கொஞ்சம் மாத்தி...”

“தெரியுமே! முன்னாடி ஆராய்ச்சிக்குப் போன சிநேகிதி ஒருத்தி, குறையைக் கேட்டு எழுதுடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டா. எனக்குத்தான் கை வரலை. மூஞ்சில அடிச்ச மாதிரி எழுத உங்களை விட்டா யாரு இருக்கா? அதான் அந்தக் குறையை உங்க காதுல போட்டு வெச்சேன்.”

“அடிப்பாவி! நான் கெடுக்கறதுக்காக எழுதினேன்டி!”

“அதுவும் தெரியும்.”

“நாலு வருஷம் நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்?”

“யாரு விட்டுட்டுப் போறா? அங்க குடும்பத்தோட தங்க வீடு தர்றாங்க. உங்க ஆபீசுக்கும் அந்த ஊர்ல கிளை இருக்கு, மாற்றல் கேளுங்க. இப்ப வெள்ளிக்கிழமைதான் கவலை. அவர் முகத்தைப் பார்த்தா மரியாதையில எனக்கு வாயே வராது. பக்கத்துல உட்கார்ந்து, அதையும் கொஞ்சம் கெடுத்துக் குடுத்துடுங்க.”