கோபுரம் சொன்னதும் நான் 'ஓம்' சொன்னதும்

விளங்காத எதற்கும் ஆமாம் என்று தலையாட்டி உடனே "ஓம்" சொல்லிவிடுகிற வியாதி எனக்கு இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுவது என் ஆசை. வீட்டில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இதற்கு என்னை மட்டும் குறை சொல்லக்கூடாது. சண்டையால் பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் நாங்கள். அங்கே சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. ஆமிக்காரன் சிங்களத்தில் எதையாவது கேட்பான். என்னிடம் இருந்த மறுமொழி ஒன்றே ஒன்றுதான்: "ஓம் சேர்." ஒருநாள் பையில் பற்றரி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான் போல. (குண்டு வெடிக்கவைக்க உதவும் என்று பற்றரி அந்தக் காலத்தில் தடைசெய்த பொல்லாத சாமான்.) நான் வழக்கம்போல ஓம் சொல்ல, என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த புட்டைக் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

இரண்டாயிரத்தொன்றின் கடைசியில், நகரில் புதிதாகத் தொடங்கிய கொம்பியூட்டர் வகுப்பொன்றில் வேலை கேட்டுப் போனேன். முதலாளி சிவநேசன் சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இங்கிலிஷ் விளங்குமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் பார்ப்பம், சரிவந்தால் நிரந்தரமாக்கிறன் என்றார். அப்பாவின் வயல் பரந்தனில் கிடந்தது, அப்பா வவுனியாவில் வாடகை அறையொன்றில் கிடந்தார். வீட்டில் உழைப்பு என்று இருந்தது நான் ஒருத்திதான். அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடாத குறை.

ஒரு கிழமை சேருக்கு ஒரு யோசனை உதித்தது. ஊர்ப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டரின் மகிமையைக் காட்டவேண்டும். அவருடைய மச்சான் கொழும்பிலிருந்து விமானம் ஓட்டுகிற விளையாட்டுச் சீடி ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"நீ பிளேனை இறக்கிக் காட்டு. விமான நிலையக் கோபுரத்திலை இருந்து அவன் இங்கிலிஷிலை சொல்லச் சொல்ல, நீ சனத்துக்குத் தமிழிலை சொல்லு. வடிவாச் செய்தியெண்டால் அண்டைக்கே நிரந்தரக் கடிதம் தாறன்."

"ஓம் சேர்," என்றேன்.

விளையாட்டு இப்படி. விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது கோபுரத்திலிருந்து ஒருவன் மூச்சுவிடாமல் எதையோ சொல்வான். உடனே திரையில் சிறு பட்டியல் வரும். ஒன்றாம் இலக்கத்தை அமத்தினால் 'விளங்கியது' என்று அர்த்தம். இரண்டாம் இலக்கத்தை அமத்தினால் 'திருப்பிச் சொல்லுங்கள்'. ஒன்றை அமத்தியதும், எனக்காக ஓர் அமெரிக்கன் கோபுரத்தான் சொன்ன அத்தனையையும் பிழையில்லாமல் ஒப்புவிப்பான். இதைவிடச் சொர்க்கம் உண்டா? அந்தக் கிழமை முழுவதும் நான் இரண்டைத் தொடவேயில்லை. அதிகாரக் குரலில் பேசுகிற ஒருவனிடம் 'எனக்கு விளங்கேல்லை, இன்னொருக்காச் சொல்லு' என்று கேட்கிற துணிவு வவுனியாவில் யாருக்கு இருந்தது? பழகிய நாட்களில் ஒருமுறைகூட விமானம் ஒழுங்காக இறங்கவில்லை. விழா அன்று எப்படியும் இறங்கும் என்று ஏன் நம்பினேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

விழா நாள் வந்தது. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் இரண்டு பெரிய பெட்டிகளை எடுத்துவந்து கொம்பியூட்டரோடு பொருத்தியிருந்தார் சேர். கல்வி அலுவலகத்து அதிகாரி ஒருவர், பிரதம விருந்தினர், பட்டு வேட்டியோடு முன்வரிசையில் இருந்தார். அவருக்கு அடுத்த கதிரையில் என் அம்மா. (அது அம்மாவுக்குப் போட்ட கதிரை இல்லை. அவா போய் இருந்துவிட்டா, எழுப்ப ஆருக்கும் துணிவு வரவில்லை.)

கோபுரத்தான் தொடங்கினான். இடப்பக்கம் என்பதும் இருநூற்று எழுபது என்பதும் மட்டும் காதில் பிடிபட்டன. நான் ஒன்றை அமத்திவிட்டு, சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

"இடப்பக்கத்திலை இருநூற்று எழுபது பயணிகள் காத்துக்கொண்டு நிக்கினமாம். கெதியா வரட்டாம்."

அதிகாரி தலையை ஆட்டி, "சரியாச் சொல்லுறா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோபுரத்தான் திரும்பவும் அதையே சொன்னான். நான் நேரே போய்க்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அவன் ஏன் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறான்?" இது அம்மா.

"அது அவையின்ரை மரியாதை அம்மா."

"மரியாதை மாதிரித் தெரியேல்லை. ஏசுற மாதிரிக் கிடக்கு."

"இல்லையம்மா, வெள்ளையளின்ரை கதை அப்பிடித்தான்," என்று அதிகாரி அம்மாவுக்கு விளக்கம் கொடுத்தார்.

உண்மையில் அவன் என்னை இடப்பக்கம் இருநூற்று எழுபது பாகைக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறான், கீழே பதியச் சொல்லியிருக்கிறான். நான் திரும்பவுமில்லை, பதியவுமில்லை. என் அமெரிக்கன் மட்டும் எல்லாவற்றுக்கும் சம்மதித்துக்கொண்டிருந்தான். திடீரென்று பார்த்தால் ஓடுபாதை எனக்கு நேர் கீழே, பாதாளத்தில், நாடா மாதிரிக் கிடக்கிறது. கோபுரத்தான் அவசரமாக என்னவோ சொன்னான். ஒன்றை அமத்தினேன். அமத்திய கையோடு, விட்டால் பிடிக்கமாட்டேன் என்ற பதற்றத்தில் விசைத்தடியை முன்னால் தள்ளினேன். விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாய்ந்தது.

அந்த இரைச்சல் கோயில் ஒலிபெருக்கி இரண்டிலும் வந்தது.

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்தவர்கள். குண்டு போட விமானம் குத்துகிற சத்தத்தைக் கேட்டால் மூளை வேலைசெய்ய முன்னமே உடம்பு படுத்துவிடும். ஒரு நொடியில் மண்டபத்தில் நிற்பவர் எவருமில்லை. அதிகாரி பட்டு வேட்டியோடு மேசைக்குக் கீழே. சேர் அலுமாரிக்குப் பின்னால். எல்லாருக்கும் முதல் படுத்தது நான். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான் என்பது தரையில் கன்னம் பட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மேலே படார் என்றது. அம்மா மட்டும் கவிழ்ந்து படுத்தபடியே, "ஏசினவன் எண்டு நான் சொன்னனான்" என்றா.

அதிகாரி மெல்ல எழும்பி, வேட்டியைத் தட்டி, தொண்டையைச் செருமினார். "விமானம் வந்தால் எப்பிடிப் பாதுகாப்பாப் படுக்கிறது எண்டு கொம்பியூட்டர் மூலம் செய்முறையாக் காட்டியிருக்கினம். மிகப் பிரயோசனமான நிகழ்ச்சி." மேசைக்குக் கீழே போன பட்டு வேட்டிக்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சனமும் மண்ணைத் தட்டிக்கொண்டு கைதட்டியது. நான் கும்பிட்டேன். வெட்கம் என்பது எனக்கு அன்று முழுதாகத் தீர்ந்துபோனது.

எல்லாரும் போனபின் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. அவன் சொன்னதிலை உனக்கு எவ்வளவு விளங்கினது?"

அழுகை வந்துவிட்டது. "ஒண்டும் விளங்கேல்லை சேர்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். இங்கிலிஷில் அடித்திருந்தது. "வாசிச்சுப் பார். சம்மதமெண்டால் கையெழுத்து வை. விளங்குதோ?"

"ஓம் சேர்," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவையும் அப்பாவையும் விழுந்து கும்பிட்டேன். பால்பொங்கல் பொங்கினோம். அது இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாகவே வேலைசெய்யச் சம்மதிக்கிற கடிதம் என்று, பொங்கல் செமித்த பிறகு அடுத்த வீட்டு ரீச்சர்தான் வாசித்துச் சொன்னா. அன்றிரவே அகராதி ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். ஆறாம் மாதம் வந்த கடிதத்தை மூன்று தரம் வாசித்து, இரண்டு பிழை பிடித்துத் திருத்திக் கொடுத்தபின்தான் கையெழுத்து வைத்தேன். அதுதான் நிரந்தரம்.

பல வருடம் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பறந்தேன். அவாவுக்கு அதுதான் முதல் விமானம். இறங்கப் போகிறோம் என்று அறிவித்ததும் அம்மா பணிப்பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டா. நான் தடுக்க முன்னமே கேட்டும் விட்டா.

"பிள்ளை, கீழை இருந்து அவன் சொல்லுறது உங்கடை பைலட்டுக்கு விளங்குதோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

தமிழே தெரியாத அந்தப் பிள்ளை அழகாகச் சிரித்து, ஓம் ஓம் என்கிற மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனது. அம்மா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"குனிஞ்சு படு. இவளும் உன்னை மாதிரித்தான்."