தலையணைக்கு வந்த கிராக்கி

"லாபம் இருக்கு தம்பி. பணம்தான் இல்லை" என்றார் கணக்கர்.

தலையணைக் கம்பெனி முதலாளி அவரையே பார்த்தார். "அந்த லாபம் எங்க அண்ணே இருக்கு?"

"கடைக்காரங்ககிட்ட. தொண்ணூறு நாள் கழிச்சுத் தருவாங்க."

"சம்பளம்?"

"அது ஒண்ணாம் தேதி. பஞ்சுக்காரர் அதுக்கு முன்னாடியே வந்து நிப்பார்."

மிஞ்சிப்போனால் ஒரு மாதம். அப்புறம் ஷட்டரை இறக்கவேண்டியதுதான். முதலாளிக்குத் தூக்கம் போய்ப் பல நாளாகிறது. தலையணை செய்கிறவன் தூக்கம் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனாலும் உள்ளே வேலை செய்யும் எட்டுப் பேரிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். வாசலில் ஒரு மேசை போட்டு, ரொக்கத்துக்கு மட்டும் விற்றுப் பார்ப்போம் என்றார். எட்டுப் பேரும் சேர்ந்து மேசையைத் தூக்கி வாசலில் போட்டார்கள்.

ஒன்றாம் தேதி மைத்துனரிடம் கைமாற்று வாங்கிச் சம்பளம் கொடுத்தார். இரண்டாம் தேதி வாசலில் ஆள் நின்றது. ஒரு பெரியவர் நான்கு தலையணை வாங்கினார். ஒரு அம்மா ஆறு வாங்கிக்கொண்டு, கழுத்துவலி என்றாள். யாரும் பேரம் பேசவில்லை, அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சுக்காரர் பாக்கி தீர்ந்தது.

அடுத்த மாதமும் அப்படியே.

"கவனிச்சீங்களா அண்ணே? ரெண்டாம் தேதியிலிருந்து அஞ்சாம் தேதி வரைக்கும்தான் கூட்டம். சம்பளம் கைக்கு வந்ததும் ஜனங்க நம்மளத்தான் தேடி வர்றாங்க."

கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படித்தான் தெரியுது தம்பி."

கிராக்கி இருக்கும்போதே விலையை ஏற்றாதவன் என்ன வியாபாரி? பத்து சதவீதம் ஏற்றினார். சேதி கேட்டுத் தையல்கார அக்காவுக்குப் புரையேறியது. அப்போதும் கூட்டம் வந்தது, முகங்கள்தான் கொஞ்சம் வாடியிருந்தன.

"இனிமே ரெண்டு மடங்கு செய்யறோம்" என்றார் முதலாளி.

துணி வெட்டுகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா போகலாமே அண்ணே."

"பயப்படாதீங்க. விக்கிறது என் பொறுப்பு. உங்களுக்கு ஓவர்டைம் காசு தனியா வரும்."

ஓவர்டைம் கொடுத்த மாதம், ஆச்சரியம், விற்பனையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடியது. முதலாளி தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார்.

அதற்குள் கடைக்காரர்களின் பணமும் வந்து சேர்ந்தது. மைத்துனர் கடன் அடைந்தது. கம்பெனி பிழைத்துவிட்டது. முதலாளி எட்டுப் பேரையும் கணக்கரையும் கூப்பிட்டார்.

"நான் விழுந்துட்டேன்னு நெனச்சேன். முன்னபின்ன தெரியாத ஜனங்க வந்து தூக்கி விட்டாங்க. அவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அதான் உங்களுக்குச் செய்யறேன். இந்த வருஷ போனஸ், ஆளுக்குப் பத்துத் தலையணை."

கணக்கர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசியில் பஞ்சு அடைக்கும் பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"தலையணை மட்டும் வேணாம் அண்ணே. சம்பளத்தைப் போட்டு நாங்க ஆள் விட்டு வாங்கினதே வீடு பூரா அடுக்கியிருக்கு, படுக்கத்தான் இடமில்ல."