கு என்றால் குரங்கா, குட்டியா?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

குரங்குக் கொட்டடியிலிருந்து உங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், இந்தக் கடிதத்தில் வருகிற ஒருவரைத் தவிர. சம்பந்தியம்மாவின் மறதி இப்போது எப்படி இருக்கிறது?

நம் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த கையோடு நம் இரண்டு ஆய்வுக்கூடங்களும் சம்பந்தம் பண்ணிக்கொண்டன. உங்கள் எலி, எங்கள் குரங்கு. இரண்டின் மூளைச் செல்லும் ஞாபகத்தை ஒரே மாதிரிதான் பிடித்துவைக்கிறதா என்று பார்க்க. எலியின் மறதிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்கும் கேட்குமா என்பது அதில்தான் தெரியுமாம். முதல் குரங்கு ஆமாம் என்றது, இரண்டாவது இல்லை என்றது, மூளையை எடுத்ததில் இரண்டும் போய்ச்சேர்ந்தன. தீர்ப்பு மூன்றாவதின் தலையில். அது நம்ம பெரியவர். பதினோரு வருஷமாக என் கையால் சாப்பிட்டு, சாப்பிட்டதும் என் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்க்கிறவர். அவர் முறை வருவதற்குள் நீங்கள் குட்டி எலியின் மூளைத் துணுக்கை அனுப்பினீர்கள், டப்பாவில் சிக்கனமாக ‘கு-3’ என்று எழுதினீர்கள். ஐயா, எங்கள் கூடத்தில் கு என்றால் குரங்கு! இங்கே ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மா அதைப் பெரியவருடையது என்றே சோதித்து, எலியோடு ஒப்பிட்டு, “அச்சு அசலா ஒண்ணா இருக்குய்யா!” என்று துள்ளினார். இருக்காதா பின்னே, எலியும் எலியும்தானே! ஆக, பதிவேட்டில் பெரியவர் செத்து ஒன்பது நாளாகிறது. கூண்டில் உட்கார்ந்து பழம் உரிக்கிறார். கொட்டடி நாற்றம் ஆகாததால் டாக்டரம்மா இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாயைத் திறந்துவிடாதீர்கள். இது தலைபோகிற காரியம், தலை பெரியவருடையது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு அன்பு, உங்கள் எலிகளுக்குப் பெரியவரின் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு. (இந்தக் கு, குறிப்பு): உறையை ஒட்டுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். சம்பந்தியம்மா அவளையே பார்த்து, “யாரும்மா நீ? யாரைத் தேடி வந்திருக்கே?” என்று கேட்டாராம். “மூணு வருஷமா ஒரே வீட்ல இருக்கேம்ப்பா” என்று அழுதாள். போனை வைத்ததும் நேராகப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குப் பெரியவர் முறை. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். இனிமேல் டப்பாவில் முழுசாக எழுதுங்கள். பொத்தானை நானே பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டேன், கடிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.