சூரிய அடுப்பும் என் உப்புத்தாளும்

பிரியாணிக்காரனின் யோக்கியதையைச் சோற்றை வைத்து முடிவு செய்கிறவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். கல்யாணப் பந்தலில் கரி அப்பிய அண்டா வந்து இறங்கினால் போதும், பெண் வீட்டுப் பெரியவர்கள் மூக்கைச் சுருக்கிவிடுவார்கள். அப்புறம் உள்ளே அமிர்தமே இருந்தாலும் அதில் உப்பு குறையும். என் அண்டா அப்படியில்லை. அதில் முகம் பார்த்து மீசை சீவலாம். (நான் சீவியிருக்கிறேன். தலையில் சீவ ஒன்றும் இல்லாததால் மீசையோடு நிறுத்திக்கொள்வேன்.)

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேம்ப் ரோட்டு ஓரத்தில் ஒரே ஒரு பாத்திரத்தோடு ஆரம்பித்து, சேலையூரிலிருந்து அஸ்தினாபுரம் வரைக்கும் காதர் பாய் பிரியாணி இல்லாமல் நிக்காஹ் இல்லை என்கிற அளவுக்கு வந்தேன். யார் தயவும் இல்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன், மைக் பிடித்துச் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாயிரத்துச் சொச்சம். முடிச்சூரில் வயலையெல்லாம் மனையாக்கிக் கல் நட்டுக்கொண்டிருந்த காலம். அங்கே ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பெண்களுக்குப் பயிற்சி மையம் ஒன்று ஆரம்பித்தார்கள். புகையில்லாத அடுப்பு கட்டுவது, சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பது, வெயிலில் சோறு பொங்குவது, இதுதான் பாடம். நடத்தியவர் மல்லிகா டீச்சர். என் மனைவி ஜன்னத்துக்கு விறகுப் புகையில் எப்போதும் கண் எரிச்சல், இருமல். அதனால் அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

நான் முதலில் சிரித்தேன். அப்புறம் வேவு பார்க்கப் போனேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். அங்கே வாசலில் ஒரு பெட்டி இருந்தது. மேலே கண்ணாடி, அதற்கும் மேலே திறந்து நிற்கும் மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளே நான்கு வட்டப் பாத்திரங்கள். கீழே நெருப்பு எங்கே என்று குனிந்து பார்த்தேன். இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"இன்னா டீச்சர், மெய்யாலுமே வெயில்லயே வேவுமா?"

"வேகும் பாய். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நடுவுல திறக்கக் கூடாது."

தம் போட்ட அண்டாவை எவனாவது நடுவில் திறந்தால் கையை ஒடிப்பேன் என்கிறவன் நான். ஆனால் அந்தப் பெட்டியை அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் டீச்சர் என்னைச் சாணத் தொட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார். அதையும் திறந்து பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம்.

சில மாதம் கழித்து ஒரு பெரிய அதிகாரியம்மா மையத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இந்தப் பக்கத்துப் பெண் ஒருவரையே நிரந்தரப் பயிற்சியாளராகப் போடலாம் என்று ஒரு யோசனை. மல்லிகா டீச்சர் ஜன்னத் பெயரைச் சொல்லியிருந்தார். அதிகாரி முன்னால் அவள் சூரிய அடுப்பில் சமைத்துக் காட்டி, நாலு வார்த்தை பேச வேண்டும். சரியாக வந்தால் அந்த இடம் அவளுக்கு. சொதப்பினால் வெளியூரிலிருந்து யாரையாவது கொண்டுவருவார்கள்.

அதுவரைக்கும் அவளை ஊரில் "பாய் வூட்டம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். அடுப்படியில் கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு, "என் பெயர் ஜன்னத்" என்று அவள் சொல்லிப் பழகியதை நானே ஒளிந்து நின்று கேட்டேன். அவ்வளவு ஆசை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காதர் பாய் வீட்டிலிருந்து ஒரு சோறு அதிகாரி இலைக்குப் போகிறது, அதில் காதர் பாய் கை படவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? குஸ்காவை நான் தயார் செய்கிறேன், நீ பின்கட்டில் புகையில்லா அடுப்பில் தொட்டுக்கொள்ளத் தால்ச்சா வை, பேசுவதை நீ பேசு என்று பெரிய மனதோடு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். சரி என்றாள். முதல் நாள் மதியம் அந்த நான்கு பாத்திரங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, தண்ணீரில் அலசினால் போதும் என்று சொல்லிவிட்டு, மையத்தில் தோரணம் கட்டப் போய்விட்டாள்.

பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திடுக்கென்றது. பெட்டிக்குள் இருந்தபோது கண்ணில் படவில்லை, வெளிப்பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. மூடிகூடக் கறுப்பு. புகையே வராத அடுப்பு என்று சொல்கிறார்கள், பாத்திரத்தில் இவ்வளவு கரியா? அதிகாரி கேட்டால் டீச்சர் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்? இத்தனை பெண்கள் இருந்து ஒருத்திக்குக்கூடப் பாத்திரம் தேய்க்கத் தெரியவில்லையே என்று உச்சுக்கொட்டிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

புளி போட்டேன். போகவில்லை. செங்கல் தூளும் தேங்காய் நாரும் போட்டேன். போகவில்லை. எத்தனையோ கல்யாண அண்டாக்களின் கரியைப் பார்த்தவன் நான், இவ்வளவு பிடிவாதமான கரியை என் ஆயுசில் பார்த்ததில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியவில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. பொழுது சாய்வதற்குள் நான்கும் மூடியோடு வெள்ளி போல மின்னின. ஜன்னத்துக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று துணியில் சுற்றி மறைத்து வைத்தேன்.

மறுநாள் காலை மல்லிகா டீச்சர் அதிகாரியை எதிர்கொள்ளச் சாலை முனைக்குப் போய்விட்டார். ஜன்னத் பின்கட்டில் தால்ச்சாவோடு இருந்தாள். நான் நான்கு பாத்திரத்திலும் அரிசி, மசாலா, தண்ணீர் எல்லாம் என் கணக்குப்படி போட்டு, பெட்டிக்குள் வைத்து, வெயிலுக்கு நேராகத் திருப்பினேன். பெட்டியின் உள்பக்கமும் கறுப்பாகத்தான் இருந்தது. அதையும் தேய்க்கலாம் என்று கை அரித்தது. நேரமில்லாததால் அது பிழைத்தது.

அதிகாரியம்மா மதியம் வந்து சேர்ந்தார். ஜன்னத் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வருவதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது. (எடுத்தது நான்தான்.) மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்து, கேம்ப் ரோட்டு வழியாக வந்து, அஸ்தினாபுரத்தில் கொஞ்ச நேரம் நின்று, முடிச்சூரில் பேச்சை முடித்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லாமல், ஒரு குச்சி விறகு இல்லாமல், அந்தச் சூரியனையே வேலைக்கு வைத்து இந்தக் குஸ்காவைச் செய்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மந்திரவாதி மாதிரி கண்ணாடியைத் தூக்கிப் பாத்திர மூடியைத் திறந்தேன்.

வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீர். அதன் அடியில் அரிசி, வாங்கி வந்தபடியே கிடந்தது.

அதிகாரியம்மா நல்ல மனுஷி. ஏதாவது ஆகியிருக்கும் என்று நம்பி ஒரு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது, அவர் வாய்க்குப் பக்கத்திலேயே. 'நறுக்' என்ற சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் தெருக்கோடி வரைக்கும் போனது.

மேகம் மறைத்துவிட்டது என்றேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. பெட்டி பழுது என்றேன். மல்லிகா டீச்சர் முகம் செத்துப் போயிருந்தது. அப்போதுதான் ஜன்னத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாத்திரம் இன்னா இப்படி கீது?"

"பளபளன்னு கீதுல்ல?"

"கறுப்பு எங்க?"

"அந்தக் கரியா? உப்புத்தாள் போட்டுத் தேச்சி எடுத்துட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நான் செய்ததையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

"அது கரி இல்லங்க. பெயிண்டு. கறுப்பா இருந்தாத்தான் வெயில உள்ள இழுக்கும். இப்ப வெயில் வந்துச்சு, உங்க பளபளப்பப் பாத்துச்சு, அப்டியே திரும்பிப் போயிடுச்சு."

மைக்கை நான் இன்னும் அணைக்கவில்லை. தெருவே கேட்டது.

அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார். போனால் திரும்ப மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னத்துக்கும் தெரிந்தது. பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட அவளுக்கு நினைவில் இல்லை என்று பிற்பாடு சொன்னாள். அப்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"மேடம், மூணு மணிக்கு வந்து பாருங்க. எது சரி, எது தப்புன்னு ரெண்டையும் காட்றேன்."

"ரெண்டையுமா?" என்றார் அதிகாரி. அந்தம்மாவுக்கும் என் வியாதி கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகையில்லா அடுப்பு மையத்தில் கரிக்கு எங்கே போவது? அங்கேயும் ஒரு வழி இருந்தது. பழைய காலத்து அடுப்பு எவ்வளவு மோசம் என்று காட்டுவதற்காக ஒரு விறகு அடுப்பையும், கரி பிடித்த பானை ஒன்றையும் மூலையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஜன்னத் அந்தப் பானையின் கரியைச் சுரண்டினாள். கஞ்சியில் குழைத்தாள். இரண்டு பாத்திரங்களின் வெளிப்பக்கத்திலும் மூடியிலும் திட்டமாகப் பூசிக் காயவைத்தாள். மற்ற இரண்டையும் ஏன் விட்டுவிட்டாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க பட்ட பாடு வீணாப் போவக் கூடாதுல்ல."

அதே அரிசியைத் திரும்பப் போட்டு நான்கையும் பெட்டிக்குள் வைத்தாள். என்னை எதிரே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்தால் தெரியும் என்றாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த நீளமான மதியம் அதுதான். அவளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று துஆ செய்தேன். சத்தியமாகச் செய்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், பளபளப்பான இரண்டும் முதலில் வெந்துவிட்டால் எப்படியிருக்கும் என்றும் ஓர் எண்ணம் ஓடியது. எல்லாவற்றையும் விட, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு தடவை திறந்து பார்க்க மாட்டோமா என்று விரல்கள் துடித்தன. கண்ணாடியில் மெல்ல ஆவி படிவதை நாற்காலியிலிருந்தே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஜன்னத் முதலில் என் பாத்திரத்தைத் திறந்தாள். அரிசி உப்பியிருந்தது, நடுவில் கல் மாதிரி. அப்புறம் கரி பூசியதைத் திறந்தாள். குப்பென்று பட்டையும் புதினாவும் மணத்தன. (சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. நான் இருந்த நிலைமையில் அதைச் சொல்லவில்லை.) ஒரே பெட்டி, ஒரே வெயில், ஒரே அரிசி, வெளிப்பூச்சு மட்டும்தான் வேறே என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மைக்கே வேண்டியிருக்கவில்லை.

அதிகாரியம்மா இரண்டையும் மாற்றி மாற்றித் தின்று பார்த்தார். பிறகு மல்லிகா டீச்சரிடம் திரும்பினார்.

"நீங்க சொன்னவங்க இவங்கதானே? சரி. அந்த வெள்ளைப் பாத்திரத்துல ஒண்ணுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சுடாதீங்க. பாடத்துக்கு வேணும்."

அப்படித்தான் என் மனைவி டீச்சர் ஆனாள். நான் பாடம் ஆனேன். ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் நாள் அந்தப் பாத்திரத்தை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு 'பாய் பாத்திரம்' என்றே பெயர். முடிச்சூர் வெள்ளத்தில் மையத்துப் பொருட்கள் பாதி அடித்துக்கொண்டு போயின. இதுவும் போயிருக்கும் என்று கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தேன். அது ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு தப்பித்துவிட்டது, சேறு கழுவினதும் முன்னைவிட அதிகமாகப் பளபளத்தது.

வீட்டில் இன்னும் மோசம். போன வாரம் என் மகள் செல்போனில் போட்டோ அனுப்புவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏறவில்லை. உள்ளேயிருந்து ஜன்னத் குரல் வந்தது.

"அவரு தலையப் பாரும்மா. எவ்ளோ பளபளன்னு கீது. எத்தினி வெயில் பட்டாலும் உள்ள ஒண்ணும் வேவாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே வெள்ளைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒரு கறுப்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அத்தா கறுப்பு மூடி போட்டுகினு வந்திருக்காரு."

"மூணு மணி வரைக்கும் யாரும் தெறக்காதீங்க" என்றாள் ஜன்னத்.