மஃப்ளர் கட்டிய டின்

கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று பயந்து பிஸ்கட் டின்னுக்கு மஃப்ளர் கட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் டின் சார் என்போம். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம், நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி. மரக்காணம் உப்பளக்காரர்களின் சங்கத்தில் நான் குமாஸ்தா. எந்த உப்புக் குவியலுக்கு எப்போது லாரி என்ற பட்டியலை மெட்ராஸ் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் போட்டு அனுப்பும். அந்த வருஷம் பழைய மிஷின் போய்ப் புது மிஷின் வந்தது. பழையதின் மொழி புதியதற்குப் புரியாது. புரோகிராமோ துளை போட்ட இரண்டாயிரம் அட்டைகள். கையால் மாற்றி எழுதி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். வந்தால் வரப்பில் கிடக்கும் உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிவிடும்.

அந்த ஆபீசில் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்த டின் சார் ஒரு மொழிபெயர்ப்புப் புரோகிராம் எழுதினார். இந்தப் பக்கம் பழைய அட்டைகளைப் போட்டால் அந்தப் பக்கம் புது மொழியில் அட்டைகள் வந்து விழும். அவற்றைப் புது மிஷினில் இலக்கணப் பிழை பிடிக்கும் கம்பைலருக்குக் கொடுத்தார். அது ஒரு தப்புகூடச் சொல்லவில்லை. ஆபீசே கை தட்டியது. இவர் மட்டும் அட்டைகளை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார்.

"வாத்தியார் கையெழுத்தை மட்டும் பாத்துட்டு நூத்துக்கு நூறு போட்ட மாதிரி இருக்குதுப்பா" என்று புலம்பியபடியே மரக்காணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். கையில் மஃப்ளர் கட்டிய டின். உள்ளே அட்டைகள். உப்புக்காற்று பட்டால் ஊறிவிடுமாம்.

நான் நாற்காலி போட்டேன். அவரோ நேராக உப்பளத்துக்கு நடந்து, உப்பங்கழி ஓரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையம்மாவின் எதிரில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுல எழுதியிருக்கிறதை உங்க பேச்சுல சொல்றேங்க. தப்பா இருந்தா திட்டுங்க."

"சும்மாவே திட்டுவேன். கேட்டா விடுவேனா?"

ஒவ்வொரு வரியாகப் படித்தார். லாரி, மூட்டை, பாதை எல்லாவற்றுக்கும் அந்த அம்மா தலையாட்டினாள்.

"மேட்டுல இருக்கிற ரோட்டோரக் குவியலுக்கு மொதல்ல லாரி. கழி ஓரத்துப் பள்ளத்துக்குக் கடைசியில."

"ஏம்பா! தண்ணி ஏறுனா மொதல்ல முழுவறது பள்ளமா மேடா? என் ஒரு வருஷத்து ஒழைப்பு அங்கதான் கெடக்குது! எவன் எழுதுனான் இத?"

"நான்தாங்க!" என்று பரம சந்தோஷமாகக் கும்பிட்டார் டின் சார். மொழிபெயர்த்ததில் மேடும் பள்ளமும் தலைகீழாகியிருந்தன.

"அந்த ஒரு அட்டையைத் திருத்திட்டா போதுமே சார்" என்றேன்.

"அட்டையைத் திருத்துனா ஒரு தப்பு போவும். மொழிபெயர்க்கிறதையே திருத்துனாதான் மிச்சத் தப்பும் போவும்" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மூன்றாம் நாள் புதுப் பட்டியலும் டின்னுமாகத் திரும்பி வந்தார். முதல் லாரி கழி ஓரத்துக்குப் போனது. அஞ்சலையம்மாவின் கடைசி மூட்டை ஏறி, தார்ப்பாய் இழுத்துக் கட்டியதும் சடசடவென்று பிடித்தது மழை. "அப்பாடா!" என்று அந்த அம்மா ஈர வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

டின் சார் மட்டும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். அவரிடம் குடை இருந்தது. அதை டின்னுக்குப் பிடித்திருந்தார்.

ஓடிப்போய் என் குடையை அவர் தலைக்குப் பிடித்தேன். இப்போதும் ஐப்பசியில் மழை வலுத்தால், அந்த மனிதருக்கு யாராவது குடை பிடிக்கிறார்களா என்றுதான் மனசு கேட்கிறது.